பீட்ரூட் விதை பாதி முளைக்குது, பாதி அப்படியே கிடக்குதா? கழுவிட்டு விதைங்க

தீபாவளி மழை ஒரு ரவுண்டு அடிச்சு ஓஞ்சதும் நம்ம ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் மாடியில தொட்டி வெச்சிருக்கறவங்க எல்லாம் பீட்ரூட், கேரட், பாலக், கொத்தமல்லின்னு இறங்கிடுவாங்க, ரெண்டே வாரத்துல புலம்பலும் ஆரம்பிச்சிடும். ஒரே பாக்கெட் விதை, ஒரே மண்ணு, ஒரே நாள் போட்டது, ஆனா கொஞ்சம் அஞ்சாம் நாளே தலைய நீட்டுது, கொஞ்சம் பதினஞ்சாம் நாள் ஆடி அசைஞ்சு வருது, மீதி வரவே இல்ல. உடனே விதை டுபாக்கூருன்னு முடிவு கட்டி அடுத்த பாக்கெட் வாங்கிடறோம். சில நேரம் டுபாக்கூர்தான், இல்லன்னு சொல்லல. ஆனா இந்த நாலு பயிருக்கும் ஒரு பொது குணம் இருக்கு, விதைக்கு உள்ள உயிர் நல்லாத்தான் இருக்கும், அத முளைக்க விடாம தடுக்கற கெமிக்கல் அதோட தோல்லயே இருக்கும், அத நாம கழுவாம போட்டுடறோம். இல்லன்னா விதைய ஒழுங்கா கழுவியிருப்போம், ஆனா போட்ட கோகோபீட்லயோ (தேங்காய் நார்க்கழிவு) ஊத்தின தண்ணியிலயோ அதே வேலைய பண்ற வேற ஒண்ணு உக்காந்திருக்கும்.

இங்க நான் சொல்லப்போறது எல்லாம் மாடியில, சமையல் ரூம்ல இருக்கற சாமான வெச்சே பண்ணக்கூடியதுதான், டீ வடிகட்டி, டிஷ்யூ பேப்பர், தயிர் டப்பா போதும்.

முதல்ல, செடி எதுக்கு தன் விதைக்கே ஆப்பு வெச்சுக்குது?

காட்டுல இருக்கற செடிய நெனச்சு பாருங்க. ஒரு தூறல் போட்டுச்சு, எல்லா விதையும் சந்தோஷமா ஒண்ணா முளைச்சிடுச்சு, மறுநாள்ல இருந்து பத்து நாள் வெயில், மொத்த வம்சமும் காலி. அதனால விதையோட மேல்தோல்ல பீனால் வகை கெமிக்கல், உப்பு, சில செடியில வாசனை எண்ணெய், இப்படி முளைப்ப தடுக்கற சமாச்சாரம் ஊறிக்கிடக்கும். சின்ன தூறல் இத கரைக்காது, நின்னு நிதானமா பெய்யற மழைதான் கரைச்சு வெளியே கொண்டு போகும், அப்ப மண்ணுலயும் ஈரம் தாங்கும், நாத்தும் பிழைக்கும். ஒவ்வொரு விதையிலயும் இந்த சரக்கு ஒரே அளவுல இருக்காது, அதனாலதான் ஒரே செடியில இருந்து வந்த விதைங்க கூட தவணை தவணையா முளைக்குது. செடிக்கு அது இன்ஷூரன்ஸ், நமக்கு தலைவலி. வயல்ல நெல்லு, கோதுமை மாதிரி ஆயிரக்கணக்கான வருஷமா மனுஷன் கைபட்ட பயிருங்கள்ல இந்த குணம் நிறைய குறைஞ்சு போச்சு, கீரை, கொத்தமல்லி, பீட்ரூட் வகையறால இன்னும் பாக்கி இருக்கு.

இதுக்கு நேர் எதிர் கேஸ் நம்ம எண்ணூர் கழிமுகத்துலயே இருக்கு. அங்க நிக்கற கண்டல் மரத்தோட விதை தூங்கறதே கிடையாது, மரத்துல தொங்கும்போதே காய்க்குள்ள முளைக்க ஆரம்பிச்சிடும், சேத்துல விழுந்த உடனே வேர் பிடிக்கணும், இல்லன்னா அலை இழுத்துட்டு போயிடும், அங்க காத்திருந்தா வேலைக்கு ஆகாது.

தடுக்கற சரக்கு ரெண்டு இடத்துல இருக்கும்னு ஞாபகம் வெச்சுக்கங்க. ஒண்ணு மேல்தோல்ல இருக்கறது, தண்ணியில கரையும், கழுவினா போகும். இன்னொண்ணு விதைக்கு உள்ளயே செடி தயாரிக்கற ஹார்மோன், அப்சிசிக் ஆசிட்னு பேரு, 1960கள்ல பருத்திக்காய் உதிர்றத ஆராய்ச்சி பண்ணும்போது பிரிச்செடுத்தது. இது "இப்ப வேணாம், படு"ன்னு சொல்லும், ஜிப்ரெல்லின்னு இன்னொரு ஹார்மோன் "எந்திரி"ன்னு சொல்லும், எந்த கை ஓங்குதோ அதுபடி நடக்கும். உள்ள இருக்கறத குழாய்க்கு கீழ பிடிச்சு கழுவ முடியாது, அது நாள்பட்டாத்தான் குறையும், இல்ல குளிர்ச்சி, வெளிச்சம்னு வேற வழியில போகணும். மாடித்தோட்டத்துல நம்மள படுத்தறது பெரும்பாலும் மேல்தோல் சரக்குதான்.

உங்க விதைக்கு என்ன வியாதின்னு பாக்கறது

கண்டதையும் பண்றதுக்கு முன்னாடி இத பாருங்க. பத்து விதைய ஒரு ராத்திரி தண்ணியில போட்டு காலையில எடுங்க. உப்பாம, கல்லு மாதிரி அப்படியே இருந்தா தோல் கெட்டி, தண்ணியே உள்ள போகல, அதுக்கு கழுவறது பிரயோஜனம் இல்ல, ஓரத்துல நெயில் கட்டரால லேசா கிள்ளி விடணும் இல்ல உப்புத்தாள்ல தேய்க்கணும். பாகல், சில வெண்டை விதையெல்லாம் இந்த கேஸ். நல்லா உப்பியிருக்கு, ஆனா மண்ணுல போட்டா முளைக்க மாட்டேங்குதுன்னா ஒண்ணு ரெண்ட பிளேடால வெட்டி பாருங்க, உள்ள வெள்ளையா கெட்டியா இருந்தா உயிர் இருக்க வாய்ப்பு ஜாஸ்தி, பழுப்பா கொழகொழன்னு இருந்தா செத்துப்போச்சு, விட்டுடுங்க.

உப்பியும் இருக்கு, உள்ள வெள்ளையாவும் இருக்குன்னா மூணு தயிர் டப்பா எடுத்துக்கங்க. முதல் டப்பால ஈர டிஷ்யூ மேல கழுவாத விதை 20, ரெண்டாவதுல அதே மாதிரி டிஷ்யூ மேல நல்லா கழுவின விதை 20, மூணாவதுல கழுவின விதை 20 நீங்க வழக்கமா போடற மண்கலவையில. மூணுக்கும் மூடி லூசா போட்டு நிழல்ல ஒரே இடத்துல வைங்க. ரெண்டாவது முந்திக்கிட்டு முதல் டப்பா பின்தங்கினா கோளாறு விதைத்தோல்ல. ரெண்டாவது நல்லா வந்து மூணாவது சொதப்பினா விதை மேல பழி போடாதீங்க, உங்க மண்கலவைதான் குற்றவாளி. மூணுமே வரலன்னா, அப்ப தாராளமா விதைக்கடைக்காரர திட்டலாம். அதுக்கும் முன்னாடி பாக்கெட் பின்னாடி முளைப்புத்திறன்னு போட்டிருக்கறத படிங்க, நம்ம நாட்டு விதைச்சான்று விதிப்படி நெல்லுக்கு குறைஞ்சபட்சம் 80 சதவீதம், தக்காளிக்கு 70, பீட்ரூட்டுக்கு 60 தான். நூத்துக்கு நாப்பது வரலன்னா கூட பீட்ரூட்ல அது சட்டப்படி சரியான விதை.

தண்ணி, அதுதான் இங்க பெரிய பஞ்சாயத்து

விதை கழுவறதுக்கு எந்த தண்ணின்னு மத்த ஊர்ல யாரும் யோசிக்க மாட்டாங்க, வடசென்னையில யோசிச்சே ஆகணும். மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில கடல் தண்ணி ஏறினது பல பத்து வருஷ கதை, நம்ம ஏரியா போர் தண்ணி நிறைய இடத்துல உப்பு. காட்டுப்பள்ளியில 2010ல இருந்து நாளைக்கு 10 கோடி லிட்டர் நல்ல தண்ணி எடுக்கற அளவுக்கு கடல் நீர் பிளான்ட் வெச்சிருக்காங்க, அதே ஊர் காத்துல மாடியில பீட்ரூட் போட்டு உப்பு போர் தண்ணிய ஊத்தறோம். உப்பு தண்ணியில விதை கிடந்தா அது தண்ணிய உறிஞ்ச திணறும், அதுவே ஒரு தடுப்பான்தான். இதுல வேடிக்கை என்னன்னா பீட்ரூட் வளந்த பிறகு உப்ப நல்லா தாங்கும், அதோட பூர்வீகமே ஐரோப்பா கடலோரத்துல முளைக்கற காட்டுச்செடி, ஆனா முளைக்கற பருவத்துல மட்டும் உப்பு அதுக்கு ஆகவே ஆகாது. கடலோரச் செடி கூட மழை வந்து உப்ப கழுவற வரைக்கும் வெயிட் பண்ணிட்டுதான் முளைக்குது.

அதனால விதை கழுவவும் முதல் ஒரு வாரம் தெளிக்கவும் மெட்ரோ தண்ணி இல்ல மழைத்தண்ணி. ரெண்டும் இல்லன்னா ஏசியில இருந்து சொட்டற தண்ணிய பக்கெட்ல பிடிச்சு வைங்க, அதுல உப்பு கிட்டத்தட்ட கிடையாது, விதைக்கு தாராளமா போதும். ஆர்ஓ மெஷின்ல இருந்து வெளிய தள்ளற தண்ணிய மட்டும் விதை பக்கம் கொண்டு போகாதீங்க, வீணாகுதேன்னு மனசு அடிச்சுக்கும், எனக்கும் அடிச்சுக்கும், ஆனா அதுல உப்பு இன்னும் அடர்த்தியா இருக்கும். அத வாசல் கழுவ, பாத்ரூமுக்கு வெச்சுக்கங்க.

பீட்ரூட்டும் பாலக்கும்

இத கொஞ்சம் விலாவாரியா சொல்றேன், இது புரிஞ்சா மத்ததெல்லாம் சுலபம். பீட்ரூட் விதைன்னு நாம வாங்கற அந்த முரட்டு உருண்டை ஒரு விதை இல்ல, ரெண்டுல இருந்து நாலஞ்சு பூ வரைக்கும் ஒட்டிப்போய் காஞ்ச காய்க்கொத்து, உள்ள ரெண்டுல இருந்து நாலஞ்சு விதை வரைக்கும் ஒளிஞ்சிருக்கும். கையில எடுத்து உத்துப்பாத்தா அங்கங்க சின்ன மூடி மாதிரி வட்டமா தெரியும், முளை அந்த மூடிய தள்ளிக்கிட்டுதான் வெளிய வரும். இந்த தக்கை மாதிரி இருக்கற மேல்பாகத்துலதான் பீனால், ஆக்சலேட், உப்பு எல்லாம். கூடவே இன்னொரு கோளாறு, அந்த பீனால் ஈரம் பட்டதும் ஆக்சிஜன இழுத்துக்கும், உள்ள இருக்கற முளைக்கு மூச்சு முட்டும். அதனால "ராத்திரி ஊற வெச்சேனே, அப்பவும் வரலயே"ன்னு கேக்கறவங்களுக்கு பதில் இதுதான். ஒரே கிண்ணத்து தண்ணியில பத்து மணி நேரம் ஊறப்போட்டா கரைஞ்சு வந்த சரக்கு அதே தண்ணியில நிக்குது, விதை அதுலயே முழுகி கிடக்குது, ஆக்சிஜனும் இல்ல. ஊற வைக்கறதால பாதி வேலைதான் ஆகும், அந்த தண்ணிய வெளியேத்தினாத்தான் மீதி.

விதை பரிசோதனை லேப்ல உலகம் பூரா கடைபிடிக்கற விதியிலயே பீட்ரூட் இனத்துக்கு மட்டும் தனியா எழுதி வெச்சிருக்காங்க, டெஸ்ட்டுக்கு போடறதுக்கு முன்னாடி ஓடற தண்ணியில 2 மணி நேரம் கழுவணும், உருண்டைக்கு ஒரே விதை இருக்கற ரகம்னா 4 மணி நேரம், அப்புறம் 25 டிகிரிக்கு மேல போகாம காய வைக்கணும்னு. லேப்காரங்க கழுவிட்டு எண்ணின முளைப்புத்தான் பாக்கெட்ல வர்றது, நாம கழுவாம போட்டுட்டு அந்த நம்பர எதிர்பாக்கறோம்.

ஆனா லாரி தண்ணிக்கு குடத்தோட லைன்ல நிக்கற ஏரியால குழாய ரெண்டு மணி நேரம் திறந்து விடுன்னு சொன்னா அடிக்க வருவாங்க. அதுக்கு ஒரு வழி, 2 லிட்டர் கூல்டிரிங்ஸ் பாட்டில் மூடியில ஊசிய சூடு பண்ணி சின்ன ஓட்டை போடுங்க, அடிப்பாகத்த வெட்டிட்டு தலைகீழா ஜன்னல் கம்பியில கட்டுங்க, கீழ டீ வடிகட்டியில விதை, அதுக்கும் கீழ ஒரு மக். சொட்டு சொட்டா ஒழுகற மாதிரி ஓட்டைய வெச்சுக்கிட்டா ரெண்டு பாட்டில் தண்ணியில வேலை முடிஞ்சிடும், நடுநடுவுல விதைய விரலால புரட்டி விடுங்க. இவ்ளோ செட்டப்புக்கு பொறுமை இல்லன்னா கிண்ணத்துல போட்டு கையால அரிசி களையற மாதிரி நல்லா தேய்ச்சு, தண்ணிய கொட்டி, மறுபடி புதுசு ஊத்தி, இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை மாத்துங்க, ஆறு ஏழு தடவை. முதல் தண்ணி பழுப்பு கலர்ல வரும், லேசா மண்வாசனை அடிக்கும், போகப்போக வெளுக்கும், தண்ணி தெளிவா வர்ற வரைக்கும் விடாதீங்க.

அந்த பழுப்பு தண்ணிய கீழ கொட்டறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை. ரெண்டு தட்டுல டிஷ்யூ போட்டு, ஒண்ண அந்த பழுப்பு தண்ணியால நனைங்க, இன்னொண்ண நல்ல தண்ணியால, ரெண்டுலயும் ஒரு சிட்டிகை கடுகு தூவி மூடி வைங்க. ரெண்டு மூணு நாள்ல நல்ல தண்ணி தட்டுல வேர் நீளமா ஓடியிருக்கும், பழுப்பு தட்டுல குட்டையா தயங்கி நிக்கும், முதல் தண்ணி எவ்ளோ அடர்த்தியோ அவ்ளோ வித்தியாசம் தெரியும். வீட்ல பசங்க இருந்தா அவங்க கையில குடுத்து பண்ண சொல்லுங்க, ஸ்கூல் ப்ராஜெக்டுக்கும் ஆச்சு.

கழுவினத துணியில ஒத்தி எடுத்து ஃபேன் காத்துல ஒரு மணி நேரம் ஆறவிட்டு அன்னிக்கே போட்டுடுங்க, ஒண்ணரை சென்டிமீட்டர் ஆழம், அதுக்கு மேல வேணாம். மண்ணு ஈரமா இருக்கணும், சொதசொதன்னு இருக்கக்கூடாது, ஆக்சிஜன் கதைய மறக்காதீங்க. தொட்டி அடியில தண்ணி தேங்கி கார்த்திகை மழையில நனைஞ்சிட்டே இருந்தா எவ்ளோ கழுவினாலும் பீட்ரூட் அழுகும், அந்த வாரம் மட்டும் சன்ஷேடு கீழ தள்ளி வைங்க. ஒரு உருண்டையில இருந்து ரெண்டு மூணு முளை வந்தா ஒண்ண விட்டுட்டு மத்தத கத்தரிக்கோலால வெட்டுங்க, பிடுங்கினா பக்கத்து வேரும் சேந்து வரும். வெட்டினத பொரியல்ல போட்டுடலாம்.

பாலக்கும் அதே ஜாதிதான். நம்ம ஊர்ல பாலக்னு விக்கறது வெளிநாட்டு ஸ்பினாச் இல்ல, பீட்ரூட்டோட நெருங்கின சொந்தம், விதைய பக்கத்துல பக்கத்துல வெச்சா வித்தியாசம் கண்டுபிடிக்கறது கஷ்டம். மேல சொன்ன அத்தனையும் அப்படியே பாலக்குக்கும் பொருந்தும், மத்த கீரை மாதிரி சும்மா தூவி விட்டுட்டு ஏன் வரலன்னு முழிக்காதீங்க. தண்டங்கீரை, அரைக்கீரை, சிறுகீரைக்கு இந்த வேலையே தேவையில்ல, தூவினா போதும்.

ஒரு எச்சரிக்கை இங்கயே சொல்லிடறேன். பாக்கெட்ட பிரிச்சா விதை பிங்க் இல்ல பச்சை கலர்ல பளபளன்னு இருந்தா அது மருந்து பூசின விதை, பெரும்பாலும் பூஞ்சை மருந்து. அத கழுவினா மருந்து கையில வரும், தண்ணியில வரும். கழுவாம அப்படியே போடுங்க, கண்டிப்பா கழுவித்தான் ஆகணும்னா கிளவுஸ் போட்டுக்கிட்டு, டீ வடிகட்டிய அதுக்குன்னே தனியா வெச்சுக்கங்க, அந்த தண்ணிய கீரைத்தொட்டியில ஊத்தாதீங்க.

கொத்தமல்லி, கேரட்

கொத்தமல்லிய உடைச்சு போடணும்னு எல்லாருக்கும் தெரியும், ஏன்னு தெரியாது. ஒரு தனியா உருண்டைக்குள்ள ரெண்டு விதை எதிரும் புதிருமா ஒட்டிட்டு இருக்கும், மேல ஓடு, ஓட்டுல வாசனை எண்ணெய். அந்த வாசனைக்கு முக்கிய காரணம் லினலூல், இந்த மாதிரி எண்ணெய்ங்க முளைப்ப மந்தமாக்கும், நமக்கு ரசத்துல மணக்கறது விதைக்கு பிரேக். பேப்பர்ல பரப்பி பூரிக்கட்டைய லேசா உருட்டுங்க, ரெண்டா பிளந்தா போதும், மிக்ஸியில ஒரு சுத்து விட்டேன்னு சொல்றவங்க விதைக்கு பதிலா மல்லித்தூள விதைக்கறாங்க. பிளந்தத ஒரு பன்னண்டு மணி நேரம் ஊற வைங்க, அதுக்குள்ள மூணு தடவை தண்ணிய மாத்துங்க. மளிகைக்கடை தனியாவும் முளைக்கும், பழசா இல்லாம இருக்கணும், அவ்ளோதான். பொறுமையும் வேணும், லேப்லயே கொத்தமல்லிய 21 நாள் வரைக்கும் எண்ணிட்டுதான் ரிசல்ட் சொல்வாங்க, நாம எட்டாம் நாளே தொட்டிய கிளறிடறோம். வெயில் காலத்துல போட்டு வரலன்னா அதுக்கு கெமிக்கல குத்தம் சொல்ல முடியாது, சூடு தாங்காத பயிரு.

கேரட்லயும் எண்ணெய் உண்டு, ஆனா அதுல ஏத்த இறக்கமா முளைக்கறதுக்கு வேற ஒரு காரணம் ஜாஸ்தி. கேரட் பூ குடை மாதிரி விரியும், நடுவுல பெரிய குடை முதல்ல பூக்கும், பக்கத்து கிளைங்கள்ல சின்ன குடைங்க பின்னாடி பூக்கும். எல்லாத்தையும் ஒரே நாள் அறுத்தா முன்னாடி பூத்ததுல கரு நல்லா வளந்திருக்கும், பின்னாடி பூத்ததுல அரைகுறை, அது விதைக்குள்ளயே இன்னும் வளந்துட்டுதான் வெளிய வரணும். எல்லாம் கலந்து ஒரே பாக்கெட்ல வருது. இத நீங்க ஒண்ணும் பண்ண முடியாது, மூணு நாலு தண்ணி மாத்தி கழுவிட்டு, கொஞ்சம் நெருக்கமா விதைச்சு அப்புறம் கலைச்சு விடுங்க.

தக்காளி, பப்பாளி, மத்தது

பழத்துல இருந்து நாமளே விதை எடுக்கற கேஸ்ல தடுப்பான் கண்ணுக்கே தெரியும். தக்காளி விதைய சுத்தி வழவழன்னு ஒரு ஜெல்லி இருக்கு பாருங்க, அதுதான் பழத்துக்குள்ளயே விதை முளைச்சிடாம காவல் காக்குது. நாட்டுத்தக்காளிய டம்ளர்ல பிழிஞ்சு கொஞ்சம் தண்ணி விட்டு மூடாம துணி கட்டி வைங்க, நம்ம ஊர் சூட்டுக்கு ஒண்ணுல இருந்து ரெண்டு நாள் போதும், மேல வெள்ளையா ஏடு கட்டும், புளிச்ச நாத்தம் அடிக்கும், வீட்ல திட்டு விழும், பால்கனியில வைங்க. அப்புறம் நிறைய தண்ணி ஊத்தி கலக்கினா மிதக்கறது எல்லாம் பதர், அடியில தங்கறது விதை. எவர்சில்வர் தட்டுல பரப்பி நிழல்ல காய வைங்க, பேப்பர்ல போட்டா ஒட்டிக்கும். மூணு நாலு நாள் மறந்துட்டா டம்ளர்லயே முளை விட்டுடும், ஜெல்லி போயிடுச்சுல்ல.

பப்பாளியும் அதே கதை, விதைய மூடியிருக்கற அந்த கண்ணாடிப்பைய உடைச்சு எடுத்தே ஆகணும், கொஞ்சம் சாம்பல் போட்டு சல்லடையில தேய்ச்சு கழுவினா வழுக்காம வந்துடும்.

கத்தரி புதுசா எடுத்த விதைன்னா உள்ஹார்மோன் தூக்கம் இருக்கும், ஒண்ணு ரெண்டு மாசம் வெச்சிருந்து போடுங்க. லெட்யூஸ், அதாவது சாலட் கீரை போடற ஆளுங்களுக்கு ஒரு வார்த்தை, அது 30 டிகிரிக்கு மேல போனா தூங்கிடும், வெளிச்சமும் வேணும், 1952ல அமெரிக்காவுல பெல்ட்ஸ்வில் ஆராய்ச்சி நிலையத்துல லெட்யூஸ் விதை மேல சிவப்பு வெளிச்சம் அடிச்சா முளைக்குது, தூரச்சிவப்பு (சிவப்புக்கும் அந்தப்பக்கம், கண்ணுக்கு சரியா தெரியாத வெளிச்சம்) அடிச்சா நின்னுடுதுன்னு மாத்தி மாத்தி அடிச்சு நிரூபிச்சாங்க. அதனால ஈர டிஷ்யூவோட ரெண்டு நாள் ஃப்ரிட்ஜ்ல வெச்சு எடுத்து, ராத்திரி நேரத்துல தொட்டிக்கு மாத்தி, மண்ணு மூடாம மேலாக்க தூவுங்க.

பொன்னேரி, மீஞ்சூர் பக்கம் சொந்தத்துல யாராவது நெல்லு போடறாங்கன்னா அவங்களுக்கும் இதுல ஒண்ணு இருக்கு. உப்புத்தண்ணியில போட்டு பதர் பிரிக்கற பழக்கம் நல்லதுதான், ஆனா அதுக்கப்புறம் ரெண்டு மூணு நல்ல தண்ணியில அலசணும், இல்லன்னா நாமளே கையால தடுப்பான் பூசின மாதிரி. அறுத்த கையோட விதைக்கறது சில ரகத்துல ஏத்த இறக்கமா வரும், நெல்லு உமியிலயே முளைப்ப தடுக்கற மோமிலாக்டோன்னு ஒரு கெமிக்கல 1973ல ஜப்பான்காரங்க பிரிச்செடுத்திருக்காங்க. கொஞ்ச வாரம் காய்ஞ்சு கிடந்த விதைய 24 மணி நேரம் ஊறப்போட்டு, ஊறல் தண்ணிய நடுவுல மாத்தி, சாக்குல கட்டி 24 மணி நேரம் மூட்டம் போட்டா சீரா வரும்.

விதைய விட்டுட்டு தொட்டிய பாருங்க

மூணாவது டப்பா சொதப்பினவங்களுக்கு. முதல் சந்தேகம் கோகோபீட் மேல. தேங்காய் நார்க்கழிவுல டானின், பீனால் எல்லாம் இயற்கையாவே இருக்கு, உப்பும் இருக்கும். அந்த 5 கிலோ கட்டிய ஊறப்போட்டா பழுப்பா இறங்கற தண்ணி இதுதான். ஒரு தடவை ஊத்தி பொங்க வெச்சு அப்படியே ட்ரேல நிரப்பறது தப்பு. பழைய சாக்குல கட்டி தண்ணியில முக்கி, பிழிஞ்சு, கொட்டி, மறுபடி முக்கி, பிழிஞ்ச தண்ணி வெளுக்கற வரைக்கும் பண்ணணும். தண்ணியில கரைஞ்சிருக்கற உப்ப அளக்கற சின்ன டிடிஎஸ் மீட்டர் ஆன்லைன்ல கிடைக்கும், அது இருந்தா வேலை சுலபம், நீங்க ஊத்தின தண்ணியோட ரீடிங்கும் பிழிஞ்சு வந்த தண்ணியோட ரீடிங்கும் கிட்டக்கிட்ட வந்தா நிறுத்திக்கலாம். போர் தண்ணியில கழுவினா உப்ப எடுத்துட்டு உப்ப போடற கதைதான், மழை வர்ற அன்னிக்கு சாக்கோட மாடியில போட்டு விட்டுடுங்க, வடகிழக்கு பருவமழை ஃப்ரீயா கழுவிக் குடுக்கும்.

ரெண்டாவது, டீத்தூள் சக்கை, ஃபில்டர் காபி சக்கை. செடிக்கு நல்லதுன்னு நாத்து ட்ரேலயே கொட்டறாங்க. கஃபீன் வேர் வளர்ச்சிய தடுக்கற சரக்கு, கம்போஸ்ட் தொட்டியில போட்டு மக்க வெச்சு வளந்த செடிக்கு குடுங்க, விதை இருக்கற இடத்துல வேணாம். காலி மனையில மண்டிக்கிடக்கற பார்த்தீனியத்த அறுத்து மூடாக்கு போடறதும் அதே மாதிரி, அதுல இருக்கற பார்த்தெனின் மத்த விதைய முளைக்க விடாது, போதாததுக்கு நமக்கு தோல் அரிப்பு, மூச்சு இழுப்பு வேற.

மூணாவது, அரைவேக்காட்டு கம்போஸ்ட். வெளியில கறுப்பா இருந்தாலும் உள்ள அசிட்டிக் ஆசிட், அமோனியா எல்லாம் இருக்கும், நாத்து கருகும். இத கண்டுபிடிக்க இத்தாலியில சுக்கோனின்னு ஒருத்தரும் அவர் கூட இருந்தவங்களும் 1981ல ஒரு டெஸ்ட் சொன்னாங்க, அவங்க கிரெஸ்னு கடுகு குடும்பத்து கீரையோட விதை வெச்சு பண்ணினாங்க, நமக்கு கடுகு போதும். கம்போஸ்ட் ஒரு பங்கு, தண்ணி பத்து பங்கு, எடை கணக்கு, கலக்கி ஒரு மணி நேரம் வெச்சு வடிகட்டுங்க. ஒரு தட்டுல இந்த தண்ணி, இன்னொண்ணுல நல்ல தண்ணி, ரெண்டுலயும் 20 கடுகு. மூணாம் நாள் எத்தனை முளைச்சுதுன்னு எண்ணி, வேர் சராசரி நீளத்த ஸ்கேல்ல அளந்து, ரெண்டையும் பெருக்குங்க. நல்ல தண்ணியில 19 முளைச்சு வேர் 20 மில்லிமீட்டர்னா 380. கம்போஸ்ட் தண்ணியில 15 முளைச்சு 12 மில்லிமீட்டர்னா 180. 180ஐ 380ஆல வகுத்தா சதவீதத்துல 47 வருது. 80க்கு மேல வந்தா கம்போஸ்ட் ரெடி, 50க்கு கீழ வந்தா விதைக்கு விஷம், இன்னும் ஒரு மாசம் மக்க விட்டுட்டு திரும்ப டெஸ்ட் பண்ணுங்க. கடையில வாங்கற மண்புழு உரத்துக்கும் இத பண்ணலாம், மூட்டை மேல போட்டிருக்கற வாசகத்த விட கடுகு சொல்றத நம்பலாம்.

பஞ்சகவ்யா ஊறல் போடற பழக்கம் இருந்தா கழுவினதுக்கு அப்புறம் போடுங்க, 3 சதவீதம், இருபது நிமிஷம், ஜாஸ்தி வேணாம். மேல சொன்ன "எந்திரி" ஹார்மோன், ஜிப்ரெல்லிக் ஆசிட் பவுடர் வாங்கட்டுமான்னு நிறைய பேர் கேக்கறாங்க, நர்சரி வெச்சு யாவாரம் பண்றவங்களுக்கு சரி, நாலு தொட்டிக்கு அது வேண்டாத செலவு, அளவு கொஞ்சம் கூடினா நாத்து நூல் மாதிரி நெட்டையா வளந்து சாஞ்சிடும்.

கழுவின விதைய மட்டும் திரும்ப பாக்கெட்ல போட்டு வைக்காதீங்க. ஈரம் பட்டு உள்ள வேலை ஆரம்பிச்ச விதை, காய வெச்சாலும் நாள் தாங்காது, இன்னிக்கு எவ்ளோ விதைக்கப்போறீங்களோ அவ்ளோ மட்டும் எண்ணி எடுத்து கழுவுங்க. மீதி பாக்கெட்ட வாய மடிச்சு கிளிப் போட்டு, மூடி டைட்டா இருக்கற டப்பால வெச்சு ஃப்ரிட்ஜ் கதவுல போடுங்க. நம்ம கடல் காத்துல ஷெல்ஃப்ல கிடந்தா ஈரம் இழுத்துக்கிட்டு அடுத்த சீசனுக்குள்ள நிஜமாவே செத்துடும்.